திரும்பக் கூப்பிடாத கதவு

பாத்திரக்கடை சௌந்திரபாண்டியின் மின்னஞ்சல் கணக்கை எவனோ களவாடிவிட்டான். அந்தக் கணக்கு உத்தரவிட்டால்தான் வீட்டுக் கதவு திறக்கும், உள்ளேயிருந்து திறப்பதானாலும். அவர் வாசலில், மனைவி ராஜகனி உள்ளே.

கதவிலிருந்து சேவை மையத்தின் குரல் பேசியது: “புதிய கடவுச்சொல்லை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பியுள்ளோம். இல்லையேல் ஐந்து நாள் காத்திருங்கள்.”

“அதத்தானய்யா களவாண்டுட்டான்! ரெண்டு நாள்ல முடி.”

“ஐந்து நாள், ஐயா.”

“சரி, மூணு. கட்டாதுன்னா வேற கம்பெனிக்குப் போறேன்!”

விறுவிறுவென்று நடந்தார். இப்படிப் போகிறவரைத் திரும்பக் கூப்பிடாத வியாபாரியை அவர் கண்டதில்லை. பத்தடி போனார், இருபதடி போனார். கதவு வாயே திறக்கவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. தானாகத் திரும்பினால் மானம் போய்விடும்.

“ஏங்க, வாங்க!” ஜன்னலிலிருந்து ராஜகனி கத்தினாள். “நாலு நாளுக்கு எறங்கி வந்துட்டாக!”

“ஐந்து நாள்,” என்றது கதவு.

“நீ சும்மா கெட,” என்று அதட்டிவிட்டு, திரும்பி வந்தவருக்குக் கம்பி வழியே காபியை நீட்டினாள்.