நீல மூலை

திரையில் தோட்டத்தின் அந்த மூலை நீலமாக வந்தது.

சிவப்பு வரட்டும் என்றுதான் அவள் மாதாவை வேண்டியிருந்தாள். சிவப்பென்றால் மண் காய்ந்து கிடக்கிறது. தாகம்தான் நோயென்றால் தண்ணீர் விட்டுத் தேற்றிவிடலாம்.

நீலம்?

"ஈரம்க்கா. தேவைக்கு மேல ஈரம்," என்றாள் மண்ணைச் சோதிக்க வந்த ஜெனிட்டா. தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதைச் சொல்லும் கருவியைப் பலகையில் வைத்து, திராட்சைப் பந்தலுக்கடியில் வரிசை வரிசையாக இழுத்து முடித்திருந்தாள்.

நாளைக் காலை பொக்லைன் வருகிறது. அந்த மூலைக் கொடிகளைப் பிடுங்கிப்போட.

அவள் கல்யாணமான வருடம், பிறந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்ட குச்சிகள். மற்ற இடமெல்லாம் குலை குலையாகத் தொங்கும். அங்கே மட்டும் இலை மஞ்சளடித்துச் சோரும்.

"உங்க அப்பன் வீட்டுக் கொடில்ல. விருந்தாளி மாதிரி உக்காந்து தின்னுட்டு இருக்கு," என்பார் அவள் கணவர் சவரிமுத்து. பொக்லைனுக்குச் சொன்னதும் அவர்தான். நரம்பில்லாத நாக்கு.

"மத்த இடம் செம்மண்ணு, தண்ணி இறங்கிரும். இங்க கருங்களி. விட்டது அப்படியே நிக்குது, வேரு மூச்சு முட்டிக் கெடக்கு," என்றாள் ஜெனிட்டா. "எம்புட்டு விடுறீங்க?"

"எல்லாத்துக்கும் விடுறதுதான்," என்றார் சவரிமுத்து.

அவள் முந்தானையைத் திருகினாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

"சாயங்காலம் இவரு அங்கிட்டுப் போனதும் நான் வால்வைக் கொஞ்சம் திறந்து விடுவேன். பாக்கப் பாவமா இருக்கும்."

ஜெனிட்டா திரையை விரலால் பெரிதாக்கினாள்.

"கொஞ்சம் விட்டதுக்கு இம்புட்டு நிக்காதேக்கா."

சவரிமுத்து அண்ணாந்து பந்தலைப் பார்த்தார். ஏதோ இன்றைக்குத்தான் போட்ட பந்தல் மாதிரி.

அவள் அவர் காலைப் பார்த்தாள்.

கருவி இழுக்கும்போது அவர் வரப்பை விட்டு இறங்கவேயில்லை. ஆனாலும் கணுக்கால் வரை அந்த மூலைக் கருங்களி அப்பியிருந்தது. விடியற்காலையில் வால்வுப் பக்கம் போய் மிதித்தது. இன்னும் முழுதாகக் காயவில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்த மனிதர்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை.

"தண்ணிய மூடிட்டு ஒரு வடிகால் எடுங்க. பொழச்சுக்கும்," என்றாள் ஜெனிட்டா.

"அப்ப பொக்லைன் வரட்டும்," என்றார் அவர், பந்தலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வடிகால் வெட்டணும்ல."

பொழுது சாய்ந்தது.

கால் தன்பாட்டுக்கு அவளை அந்த மூலைக்குக் கொண்டுபோனது. கை வால்வுக்கு நீண்டது.

வால்வின் கைப்பிடியைக் குழாயோடு சேர்த்து ஒரு துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவருடைய துண்டு.



அவள் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.