சாயம் பூசாத விருந்தாளி

ஆராய்ச்சிக்கூடத்து ஜன்னலோரம் ஒரு தொட்டியில் தண்டுக்கீரைச் செடி இருந்தது. அதிலிருந்த பெரிய இலைக்கு, விடிந்ததும் வெயிலை வாங்கிச் சமைத்துத் தன் தளிருக்கு ஊட்டுவதுதான் வேலை.

மேஜைமேல் இருந்த பழைய மைக்ராஸ்கோப்பைக் கண்டாலே இலைக்குக் கதிகலங்கும். உள்ளே மாவுச்சத்து எங்கே, கொழுப்பு எங்கே என்று பார்க்க அது சாயத்தை ஊற்றும். போன வாரம் பக்கத்து இலைக்கு ஊற்றியதில் அதன் அடுப்பு அணைந்தது அணைந்ததுதான்.

அன்றைக்குப் புது மைக்ராஸ்கோப் ஒன்று வந்திறங்கியது. செடியைத் தொட்டியோடு தூக்கி அதனடியில் வைத்தார்கள்.

"சாயம் மட்டும் வேண்டாம் தம்பி. பச்சைப்பிள்ளை பட்டினி கிடந்துடும்," என்று இலை கெஞ்சியது.

"எனக்குச் சாயமே வேண்டாம்க்கா. வெளிச்சம் பட்டா மாவுச்சத்து ஒரு விதமா அதிரும், கொழுப்பு வேற விதமா அதிரும். அதை வச்சே ஆளைத் தெரிஞ்சுக்குவேன்."

"பொட்டும் பூச்சும் இல்லாம யார் யாருன்னு எப்படிடா தெரியும்?" என்று பழையது சிரித்தது.

இலைக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "ஏன், கூட்டத்துல அழுறது தன் பிள்ளைதான்னு பெத்தவளுக்குச் சீட்டு ஒட்டியா காட்டுறாங்க?"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. தளிர் வாயை எடுக்காமல் குடித்துக்கொண்டே இருந்தது.

"எப்பத்தான் தம்பி உள்ளே வர்றே?"

"பார்த்தே முடிச்சுட்டேன்க்கா. மூலைக்கு மூலை மாவுச்சத்து உருண்டை உருண்டையாக் கிடக்கு. பிள்ளைக்குக் குறையே வராது."

"அடப்பாவி, வந்துட்டுப் போயிட்டியா!" என்று பதறியது இலை. "அடுப்படியை ஒதுங்க வைக்கக்கூட விடலையே!"