கோணாத விரல்கள்

அறையில் இருந்தவர்கள்: டாக்டர் மதிவதனி, அட்டெண்டர் சேர்மக்கனி, பியூட்டி பார்லரில் நூலால் புருவம் திருத்தும் எஸ்தர், பிறகு எஸ்தரின் மரபணுவைப் படித்து வைத்திருந்த திரை.

எஸ்தரின் விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல வீங்கிக் கோணியிருந்தன. மூட்டுவாதத்தைத் தடுக்கும் ஊசி கேட்டு அவள் வருவது இது மூன்றாம் முறை. லேசான நோய்தான் வரும் என்று திரை சொல்லிவிட்டவர்களுக்கு மருந்து அலமாரி திறக்காது.

“உங்க மரபணுப்படி விரல் கோணாது எஸ்தர். வலி மாத்திரை போதும்.”

“கோணிப்போச்சே டாக்டர். அதைத் திரைகிட்ட சொல்லுங்க.”

“கண்ணுக்குத் தெரியுது. ஆனா அது கணக்குல வராது.”

“உங்க இடது புருவம் பாதி போனதாவது கணக்குல வருமா? நூலைப் பிடிக்க முடியாமத்தான் அன்னைக்கு இழுத்துட்டேன். அதோட நீங்க வேற கடைக்குப் போயிட்டீங்க. முக்கால்வாசிப் பேர் போயிட்டாங்க.”

மை தீட்டி நிரப்பிய புருவத்தை நோக்கி எழுந்த டாக்டரின் கை, பாதியில் இறங்கி மாத்திரைச் சீட்டை நீட்டியது.

இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே சீட்டை இடுக்கிக்கொண்டு எஸ்தர் எழுந்தாள். கதவின் குமிழைத் திருப்ப அவளால் ஆகவில்லை. சேர்மக்கனிதான் திறந்துவிட்டார். அவள் வெளியே போனதும் அவள் முதுகுக்குப் பின்னால் உள்ளிருந்தே கதவைச் சாத்திப் பூட்டினார்.