வடிகட்டாத அரிசிப்பால்

“இதுல ஈ விழுந்தா நீந்தாது, நடந்தே கரையேறிடும்!”

மாமியார் கரண்டியால் பாத்திரத்தைக் கிளறிக் காட்டினாள். உள்ளே அரிசிப்பால். ஊறவைத்த அரிசியைக் குருணையாக அரைத்து, தண்ணீர் விட்டுக் குழையக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு இறக்கியிருந்தாள் மருமகள். மணம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. ஆனால் வடிகட்டவில்லை.

“உங்க வீட்டுல வடிகட்டுற வழக்கமே கிடையாதாம்மா?”

“கை வலிச்சுது அத்தை. அப்படியே விட்டுட்டேன்.”

“வந்த நாளா இதே கதைதான். காய்ச்சத் தெரியுது, வடிகட்ட மட்டும் உடம்பு வணங்கலை. இன்னைக்கு என் தம்பி சாப்பிட வர்றான். கொண்டா அந்தத் துணியை!”

“துணியைக் காணோம் அத்தை.”

“எப்படிக் காணாமப் போகும்? நான்தானே துவைச்சுக் கொடியில போட்டேன்!”

கொடியில்தான் இருந்தது. மருமகள் அதை எடுக்கத் தயங்கினாள். சோம்பேறி என்ற பட்டம் பழகிப்போய்விட்டது, அதற்காக இல்லை. துணி வந்துவிட்டால் மாமனார் இன்றைக்குப் பட்டினி.

விஷயம் இதுதான். மாமியாரின் தம்பி பல் டாக்டர். மாமனாருக்குப் பல்செட் கட்டியது அவர்தான். கட்டிய அன்றிலிருந்து மாமனாருக்கு ஈறெல்லாம் புண். ஒருநாள் பல்செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அரிசிப்பால் பாத்திரத்தின் அடியில் கிடந்த குருணையை அவர் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் பார்த்துவிட்டாள்.

“அத்தைகிட்ட சொல்லிடாதேம்மா,” என்று கெஞ்சினார். “தம்பின்னா அவளுக்கு உயிரு. பல்லு சரியில்லைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா.”

அன்றிலிருந்து தட்டில் எது விழுந்தாலும் அவருக்குப் “பசியில்லை”. குருணையோடு ரெண்டு டம்ளர் அரிசிப்பால்தான் சாப்பாடு. வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும், பல்லுக்கு வேலையே இல்லை.

டாக்டர் வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

“பல்லு எப்படி இருக்கு அத்தான்?”

“கருங்கல்லைக் கொண்டா மாப்ளே, பொடி பண்ணிக் காட்டுறேன்!”

“கேட்டியாக்கா?”

“கேட்காம என்ன? உன் கைராசி அப்படி!” மாமியாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

கருங்கல்லைப் பொடி பண்ணுகிறவர் தட்டிலிருந்த எதையும் தொடவில்லை.

மருமகள் மெல்ல ஆரம்பித்தாள். “அத்தை, மாமாவுக்கு மட்டும் வடிகட்டாம ஒரு டம்ளர்...”

“ஏன், என் புருஷன் மட்டும் என்ன பாவம் பண்ணினார்?”

டாக்டருக்குச் சிரிப்பில் புரையேறியது. மாமியார் அரிசிப்பாலைத் துணியில் ஊற்றி, முறுக்கிப் பிழிந்து, ஆளுக்கொரு டம்ளர் நீட்டினாள். மாமனார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரின் அடியைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மருமகளைப் பார்த்தார். ‘கொஞ்சம் பொறுங்க மாமா’ என்று அவள் கண்ணாலேயே சொன்னாள்.

துணியில் குருணை இருக்கிறதே! அது குப்பைக்குப் போவதற்குள் எடுத்து, சர்க்கரை தூவிக் கொடுத்துவிட்டால் போதும்.

டாக்டரை வழியனுப்ப மாமனார் வாசலுக்குப் போனதும் மருமகள் சமையலறைக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

மாமியார் சுவர் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ஒரு கையில் அந்தத் துணி, மறு கையில் ஸ்பூன். மேடையிலிருந்த டம்ளர் தண்ணீரில் ஒரு பல்செட் கிடந்தது.

“முழிக்காதே, முதல்ல கதவைச் சாத்து,” என்றாள் பொக்கை வாயோடு. “நீ பாட்டுக்கு வடிகட்டாம எல்லாருக்கும் ஊத்திட்டா, எனக்கு என்னம்மா மிஞ்சும்?”

“அத்தை... உங்களுக்குமா?”

மாமியார் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமாகிட்ட மூச்சு விட்டுடாதே. என் தம்பி கட்டின பல்லுன்னு அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெருமை. எனக்கு வலிக்குதுன்னு சொல்லி அதை ஏன் கெடுக்கணும்?”