எல்லாக் குழியும் மஞ்சள்

"உங்க ஆன்டிபாடி சுத்த மோசம். எடுத்த எடுப்பிலேயே சொல்லிடறேன்!"

குரலைக் கேட்டதும் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆய்வுக்கூடங்களுக்கு ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் பொருளைச் சுத்திகரித்து விற்கும் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் சொல்வது அவன் வேலை. பக்கத்து மேஜையில் மேனேஜர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் மேடம். என்ன பிரச்னை, சொல்லுங்க" என்றான், குரலில் தேன் தடவி.

"எலி ரத்தத்துல நோயை எதிர்க்கிற புரதம் இருக்கான்னு பார்க்கத்தானே உங்ககிட்ட வாங்கறோம்? இருந்தா தட்டுல ரத்தம் ஊத்தின குழி மஞ்சளாகணும், இல்லேன்னா நிறமே வரக் கூடாது. இங்கே தட்டுல தொண்ணூத்தாறு குழியும் மஞ்சள்! எலி ரத்தமே ஊத்தாத குழிகூட பல்லைக் காட்டுது."

"நடுநடுவுல கழுவினீங்களா மேடம்?"

"ரெண்டு தடவை."

"அஞ்சு தடவை கழுவணுமே."

"கழுவறதைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

அவனுக்குப் புரையேறியது. தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"சரியா வரலேன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?" என்று கேட்டாள்.

"பிரிச்சதைத் திருப்பி எடுக்கற வழக்கம் இல்லை மேடம்."

"அதானே! கையில கொடுத்துட்டா அப்புறம் நம்ம தலையெழுத்து. மேனேஜர்கிட்ட போனைக் கொடுங்க."

"ஐயையோ, அவர் எதுக்கு? நானே தீர்த்து வைக்கறேன்" என்று பதறினான். "குழிக்கு அடியில முதல்ல ஒரு ஆன்டிபாடி பூசினீங்களே, அது எந்தப் பிராணியில எடுத்தது?"

"எலியிலதான்."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அதுவும் எலிப் புரதம்தானே மேடம்? எங்க சரக்கு அதை எங்கே பார்த்தாலும் போய் ஒட்டிக்கும். நீங்களே அடியில பூசி வச்சா சும்மா இருக்குமா? அது தன் வேலையை ஒழுங்காத்தான் பார்த்திருக்கு."

"அது ஒழுங்காத்தான் பார்க்கும். விக்கிறவங்களைப் பத்தித்தான் பேச்சு."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அவன் அசடு வழிந்தான்.

ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. பத்து வருஷமாக எலியோடு மல்லுக்கட்டுகிறவள் இதைச் செய்வாளா?

"குப்பி மேல ஒரு நம்பர் இருக்குமே, சொல்லுங்க மேடம்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக நம்பரைச் சொன்னாள். அவன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தான்.

"மேடம்..." என்று குரலைத் தாழ்த்தினான். "அந்தக் குப்பி இன்னும் எங்க குளிர் அறையை விட்டே கிளம்பலை. உங்களுக்கு வந்தது பில் மட்டும்தான், சரக்கு நாளைக்குத்தான் வண்டி ஏறுது."

மேனேஜரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனை வாயருகே இழுத்துக்கொண்டான்.

"நிஜமா என்னதான் புகார், சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை சண்டைக்கு அப்புறம் நாலு நாளா வீட்டுல நான் எது கேட்டாலும் நீங்க வாயே திறக்கலை" என்றாள் அவள். "இந்த நம்பருக்குப் போன் போட்டா, பொண்டாட்டியா இருந்தாலும் பதில் சொல்லித்தானே ஆகணும்?"