இந்த மாதம் பர்ஸ் மகளிடம்

காசின் அருமை தெரியட்டும் என்று, மெக்கானிக் இந்த மாத வீட்டுச் செலவை மகளிடம் விட்டிருந்தார். கை சின்னதுதான், பிடியோ இரும்புப் பிடி.

"பிஸ்கட்டுக்குக்கூட கணக்குக் கேக்கறா. உங்க பொண்ணு மகா கஞ்சம்!" என்று பொரிந்து தள்ளினாள் மனைவி.

மாதக் கடைசியில் பர்ஸ் திரும்பி வந்தது. பாதிப் பணம் அப்படியே இருந்தது.

"சிக்கனம் சரிம்மா, அதுக்காக இப்படியா? நீ ஆசைப்பட்ட ஷூவைக்கூட வாங்கலையே?"

அம்மாவுக்குக் கேட்காமல் மகள் கிசுகிசுத்தாள்.

"உங்க சட்டையெல்லாம் நான்தானேப்பா துவைக்கப் போடறேன்? கொஞ்ச நாளா ஒண்ணுலயும் கிரீஸ் கறையே இல்ல. அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் இது தாங்கும்."

ஒர்க்‌ஷாப்பை முதலாளி மூடிவிட்டதை வீட்டில் சொல்லாமல், தினமும் டிபன்பாக்ஸோடு போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தவர், அந்தச் சின்னக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.