இரண்டாவது தம்ளர்

எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு வராமல் நின்றுபோனவர்களை வீடு தேடிப் போய் அழைத்து வருவதுதான் ஜெசிந்தாவின் வேலை. மாத்திரையை ஒரு வேளைகூட விடாத செங்கமலத்தின் வீட்டுக்கு அவள் வந்ததே இல்லை. பக்கத்துத் தெரு மரகதம் அடிக்கடி மருந்தை நிறுத்திவிடுவாள். அவள் வாசலில் ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் மத்தியானம் முழுக்க நிற்கும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். போன வாரம் மரகதத்துக்குத் தலைகூடப் பின்னிவிட்டாளாம். செங்கமலத்தின் தலையில் இன்னொருவர் கைபட்டு எத்தனையோ வருஷமாகிறது. மையத்தில் ஜெசிந்தாவிடம் அவளுக்குக் கிடைப்பதெல்லாம், "நீங்க தங்கம்க்கா, உங்களைப் பத்திக் கவலையே இல்ல" என்பதுதான்.

இந்த மாதம் செங்கமலம் மையத்துக்குப் போகவில்லை. வீட்டைக் கழுவிவிட்டாள். தினமும் காபிக்கு இரண்டு தம்ளர் எடுத்து வைத்தாள். ஒருநாள் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ஒடம்புக்கு முடியலையாக்கா? மாத்திரை கொண்டாந்துட்டேன்." வாசலில் நின்றபடியே பொட்டலத்தைக் கொடுத்த ஜெசிந்தா, தம்ளர்களைப் பார்த்தாள். "யாரோ வர்றாங்க போல. நான் கெளம்பறேன். நீங்க எப்படியும் போட்டுக்குவீங்க."

செங்கமலம் பொட்டலத்தை அவள் கையிலேயே திணித்தாள். "வேண்டாம். இனிமே நான் சாப்பிடறதா இல்ல."

ஜெசிந்தா செருப்பைக் கழற்றினாள்.